சிறு கல்லூரிகளும் விளையாட்டு உதவித்தொகையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் பெரியோர். உடல் நலத்தையே அவர்கள் சுவர் என்று குறித்தனர். கல்லூரியில் பயிலும் விளையாட்டு வீரனுக்கோ இன்னொரு சுவரும் வேண்டியிருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகச் செலவு இவற்றைத் தாங்கும் பொருளே அச்சுவர். அது சரிந்தால் எத்தனை வேகமாக ஓடுபவனும் படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அமெரிக்க நாட்டில் நன்றாக விளையாடும் மாணவனைக் கல்லூரியே செலவு செய்து படிக்க வைக்கிறது என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். தொலைக்காட்சியில் தோன்றும் பெரிய பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. ஆனால் அந்நாட்டில் விளையாடும் கல்லூரி மாணவர்களில் பெரும்பகுதியினர் அப்பல்கலைக்கழகங்களில் இல்லை. சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் உள்ள சிறு கல்லூரிகளில்தான் இருக்கின்றனர். அங்கே தொலைக்காட்சிப் பணம் இல்லை. ஆயிரக்கணக்கில் நுழைவுச்சீட்டு விற்பனையும் இல்லை. அப்படியிருக்க, அக்கல்லூரிகள் தம் வீரர்களுக்கு எவ்வாறு உதவுகின்றன? அவ்வுதவி ஏழை மாணவனைப் பட்டம் வரை கொண்டு சேர்க்கிறதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று சங்கங்கள்

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கங்கள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, 1906-இல் தோன்றிய என்.சி.ஏ.ஏ. 1973-இல் இது தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. செல்வம் கொழிக்கும் பல்கலைக்கழகங்கள் முதற்பிரிவில் உள்ளன. இரண்டாம் பிரிவில் சுமார் 300 கல்லூரிகளும், மூன்றாம் பிரிவில் 400-க்கு மேற்பட்ட கல்லூரிகளும் இருக்கின்றன. இரண்டாவது சங்கம் என்.ஏ.ஐ.ஏ. 1937-இல் கன்சாஸ் சிட்டி நகரில் நடந்த ஒரு கூடைப்பந்துப் போட்டியிலிருந்து இது வளர்ந்தது. சுமார் 250 கல்லூரிகள் இதில் உறுப்பு வகிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சிறிய தனியார் கல்லூரிகள். மூன்றாவது சங்கம் என்.ஜே.சி.ஏ.ஏ. இது 1938-இல் நிறுவப்பட்டது. ஈராண்டுப் படிப்பு மட்டும் நடத்தும் கல்லூரிகளுக்கு உரியது.

என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளையும் மற்ற இரு சங்கங்களையுமே நாம் இங்கே சிறு கல்லூரிகள் என்று கொள்கிறோம். இவற்றுள் சில பல்கலைக்கழகம் என்ற பெயரைத் தாங்கியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

பங்கிட்டுக் கொடுக்கும் முறை

முதற்பிரிவில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மிகப் பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் 2024-25 கல்வியாண்டு வரை 85 பேருக்கு முழு உதவி வழங்கலாம் என்பது விதி. இரண்டாம் பிரிவில் அதே ஆட்டத்துக்கு 36 முழு உதவிகளுக்கு ஈடான தொகைதான் வரம்பு. என்.ஏ.ஐ.ஏ.வில் இது 24. அணியில் நூறு பேர் இருப்பது சாதாரணம். ஆகவே இத்தொகையை முழு முழுவாகக் கொடுக்காமல் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கின்றனர்.

இரண்டாம் பிரிவில் மற்ற ஆட்டங்களுக்கான வரம்பைப் பாருங்கள். கூடைப்பந்துக்கு 10. பேஸ்பால் ஆட்டத்துக்கு 9. மகளிர் கைப்பந்துக்கு 8. தடகளத்துக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் சேர்த்து 12.6. ஆடவர் டென்னிசுக்கு 4.5. புள்ளி ஆறு மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்கத் தோன்றும். இவை ஆட்களின் எண்ணிக்கை அல்ல, தொகையின் அளவு. அதனால்தான் பின்னம் வருகிறது.

கணித மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கல்லூரியில் கட்டணம், தங்கும் இடம், உணவு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பால் அணிக்கு 9 முழு உதவி என்றால் மொத்தம் 2,70,000 டாலர். அணியில் 36 பேர் இருந்து சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 7,500 டாலர், அதாவது செலவில் கால் பங்கு. உண்மையில் பயிற்றுநர் சமமாகப் பங்கிடுவதில்லை. பந்து வீசுபவனுக்குப் பாதிச் செலவைக் கொடுத்துவிட்டு, புதிதாக வந்தவனுக்குப் புத்தகப் பணம் மட்டும் கொடுக்கலாம். ஒன்றும் பெறாமலேயே ஆடுபவர்களும் உண்டு. மேலும் 9 என்பது உச்சவரம்பு. அவ்வளவையும் கொடுக்கக் கல்லூரிக்கு வசதி இருக்க வேண்டும்.

கால் பங்கு உதவி ஏழைக் குடும்பத்து மாணவனுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி போன்றது. மீதி முக்கால் பங்குக்கு அவன் எங்கே போவான்? சிறு கல்லூரிகளின் உதவி முறையைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோலான கேள்வி.

சிறு துளி பெருவெள்ளம்

மீதியை நிரப்புவதற்கு வேறு பல ஊற்றுகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது மத்திய அரசு வழங்கும் பெல் உதவித்தொகை. 1972-இல் வேறு பெயரில் தொடங்கி, 1980-இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல் என்பவரின் பெயரைப் பெற்றது. குடும்ப வருமானம் குறைந்த மாணவர்களுக்கு உரியது. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. 2025-26 கல்வியாண்டில் இதன் உச்சத் தொகை 7,395 டாலர். விளையாட்டு அணிக்கான வரம்பில் இத்தொகை சேராது. ஆகவே ஏழை வீரன் அணியின் பங்கையும் வாங்கலாம், பெல் தொகையையும் வாங்கலாம்.

அடுத்து, பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரி கொடுக்கும் கல்வி உதவித்தொகை. பிறகு மாநில அரசின் உதவி. அதன் பின் கல்லூரியிலேயே நூலகம், உணவுக்கூடம், அலுவலகம் முதலிய இடங்களில் சில மணி நேரம் வேலை செய்து ஊதியம் பெறும் திட்டம். இவையெல்லாம் போதாதபோது கல்விக் கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவனுக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் 5,500 டாலர் வரை கிடைக்கும்.

நம் கணக்கைத் தொடர்வோம். 7,500 டாலர் அணியின் பங்கு. 7,395 பெல் தொகை. கல்வி உதவி 5,000, மாநில உதவி 2,000, பகுதிநேர வேலை 2,000 என்று கொள்வோம். கூட்டினால் 23,895. கடன் 5,500 சேர்த்தால் 29,395. கையிலிருந்து போட வேண்டியது 605 டாலர். சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே கணக்காகவே நிற்கிறது. இதில் விளையாட்டின் பங்கு நான்கில் ஒன்றுதான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த உதவிகளில் அரசு தருபவை எல்லாம் ஒரே ஒரு படிவத்தை நிரப்புவதில் தொடங்குகின்றன. சுருக்கமாக ஃபாஃப்சா என்று அழைக்கப்படும் அப்படிவத்துக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமான விவரம் அதில் கேட்கப்படும். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது, படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத நிலைமை எனக்குத் தெரியும். கடல் கடந்த நாட்டிலும் முதல் தலைமுறை மாணவனுக்கு இதே இடத்தில்தான் கால் இடறுகிறது.

இன்னொரு இடறலும் உண்டு. கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் இலவசத் தொகையும் கடனும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டு, எல்லாம் ‘உதவி’ என்று கூட்டிக் காட்டப்படுவது உண்டு. 2022-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு இக்கடிதங்களை ஆராய்ந்தது. மாணவன் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையை 91 விழுக்காட்டுக் கல்லூரிகள் சொல்லவே இல்லை அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன என்று அது மதிப்பிட்டது. எது கொடை, எது கூலி, எது கடன் என்று பிரித்தறியாத மாணவன் பட்டத்தோடு கடனையும் சுமந்து வெளியேறுவான்.

விளையாட்டுக்கென்று ஒரு காசும் இல்லை

மூன்றாம் பிரிவின் நிலை வேறு. அங்கே விளையாட்டுத் திறனுக்காக ஒரு காசு கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. கல்வித் தகுதிக்காகவும் குடும்பத் தேவைக்காகவும் மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவியே வீரர்களுக்கும் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதில் பயிற்றுநர் தலையிடக் கூடாது. வீரர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்த உதவியை ஒப்பிட்டுக் கல்லூரிகள் ஆண்டுதோறும் சங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பின்வாசல் வழியாக விளையாட்டுப் பணம் நுழையாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு.

உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். படிப்பில் பெரிய அந்நிறுவனம் விளையாட்டுப் பிரிவில் சிறு கல்லூரிகளோடு நிற்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட அணிகள் அங்கே உள்ளன. ஒரு வீரனுக்கும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, மதிப்பெண்ணுக்காகவும் கிடையாது. குடும்பத் தேவை ஒன்றே அளவுகோல். வெளிநாட்டு மாணவருக்கும் இதே அளவுகோல்தான். இது நம் நாட்டு மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. ஏனெனில் பெல் தொகை போன்ற மத்திய அரசு உதவிகள், மாணவர் விசாவில் அங்கே செல்லும் வெளிநாட்டவருக்குக் கிடைப்பதில்லை.

ஈராண்டுக் கல்லூரிகளும் மூன்று வகைப்படும். முதல் வகையில் கட்டணம், புத்தகம், உணவு, உறைவிடம் இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் பயணச் செலவும் கொடுக்கலாம். இரண்டாம் வகையில் கட்டணமும் புத்தகமும் மட்டும்; உணவும் உறைவிடமும் கிடையாது. மூன்றாம் வகையில் ஒன்றும் இல்லை. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டு, விளையாட்டுக்கென உதவித்தொகை எதுவும் வழங்காமல் நடத்துகின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது?

சிறு கல்லூரி வழங்கும் விளையாட்டு உதவித்தொகை பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் அன்று. வாங்காமல் விடும் கட்டணம். கடைக்காரர் விலையில் தள்ளுபடி கொடுப்பது போன்றது. பழைய மாணவர்களின் நன்கொடையும், எல்லா மாணவரிடமும் வாங்கும் கட்டணத்தின் ஒரு பகுதியும் இதற்குத் துணை செய்கின்றன.

தள்ளுபடி கொடுத்தும் கல்லூரிக்கு ஆதாயம் உண்டா? உண்டு. நம் கணக்கில் ஒரு வீரனுக்கு 7,500 டாலரைக் கல்லூரி விட்டுக்கொடுத்தது. கல்வி உதவியாக மேலும் 5,000 விட்டுக்கொடுத்தது. மீதி 17,500 டாலர் பெல் தொகையாகவும் கடனாகவும் பிறவாகவும் கல்லூரிக்கு வந்து சேர்கிறது. வகுப்பறையில் இடம் காலியாகக் கிடந்தால் அதுவும் கிடைத்திராது. மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் தனியார் கல்லூரிகள் புதிது புதிதாக அணிகள் தொடங்குவதன் காரணம் இதுதான். இதனால் இவ்வுதவி தீயது என்று சொல்ல வரவில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பயன் உண்டு. ஆயினும் பயிற்றுநர் வீடு தேடி வந்து அழைக்கும்போது, அவர் ஆட்டக்காரனை மட்டும் தேடவில்லை, கட்டணம் செலுத்தும் மாணவனையும் தேடுகிறார் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது.

மகளிர்க்கு உரிய பங்கு

1972-இல் இயற்றப்பட்ட டைட்டில் நைன் என்னும் சட்டம், அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை காட்டுவதைத் தடை செய்தது. விளையாடும் ஆடவர், மகளிர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் உதவித்தொகையும் பிரிக்கப்பட வேண்டும் என்பது இதன் கீழ் எழுந்த விதி. பெரிய கல்லூரிக்கும் சிறிய கல்லூரிக்கும் இது பொது. 1980-இல் என்.ஏ.ஐ.ஏ. ஆடவர்க்கு மட்டுமின்றி மகளிர்க்கும் தேசியப் போட்டிகள் நடத்தத் தொடங்கியது.

இருவர் வரலாறு

விதிகளைச் சொல்லிக்கொண்டே போனால் வாசகர்க்குச் சலிப்புத் தட்டும். ஆகவே இம்முறையில் படித்த இருவரைப் பார்ப்போம்.

வில்மா ருடால்ஃப் 1940-இல் டென்னசி மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். 22 குழந்தைகளில் அவர் 20-ஆவது. இளம்பிள்ளைவாதம் தாக்கிக் காலில் இரும்புக் கட்டு அணிந்து நடந்த சிறுமி அவர். நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்க்கென இருந்த அரசுக் கல்லூரியில், இன்று டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் எனப்படும் இடத்தில், எட் டெம்பிள் என்ற பயிற்றுநரிடம் சேர்ந்தார். அக்காலத்தில் ஓட்டப்பந்தயப் பெண்களுக்கு இன்றுள்ளது போன்ற விளையாட்டு உதவித்தொகை அங்கே இல்லை. கல்லூரியில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேலை செய்து அதற்கு ஈடாகப் படிக்கும் ஏற்பாடே இருந்தது. வகுப்பு, வேலை, பயிற்சி என்று மூன்றையும் சுமந்த வில்மா, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அந்தத் தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வரும் அதே கல்லூரியைச் சேர்ந்தவர்கள். 1963-இல் அவர் ஆசிரியக் கல்வியில் பட்டம் பெற்றார். டெம்பிள் உருவாக்கிய ஒலிம்பிக் வீராங்கனைகள் நாற்பது பேர். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் பட்டம் பெற்றனர். பதக்கங்களை விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மற்றவர் ஸ்காட்டி பிப்பென். ஆர்கன்சா மாநிலத்தில் ஹாம்பர்க் என்னும் சிற்றூரில் 12 குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர். தந்தை காகித ஆலைத் தொழிலாளி, பக்கவாதத்தால் செயலிழந்தவர். பள்ளி முடிந்தபோது எந்தக் கல்லூரியும் பிப்பெனுக்கு விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. 1983-இல், அப்போது என்.ஏ.ஐ.ஏ. உறுப்பாக இருந்த சென்ட்ரல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில், அரசின் ஏழை மாணவர் உதவியையும் அணியின் பொருள்களைப் பராமரிக்கும் வேலையையும் நம்பிச் சேர்ந்தார். அணியில் இடம் ஏற்பட்டபோது ஆட வாய்ப்பும் உதவித்தொகையும் கிடைத்தன. 1987-இல் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிகாகோ அணியில் ஆடி ஆறு முறை வாகையர் பட்டமும், 1992, 1996 ஒலிம்பிக்கில் தங்கமும் பெற்றார்.

இவ்விருவரையும் கல்லூரிக்குள் கொண்டு வந்தது எது? வில்மாவுக்கு உழைப்புக்கு ஈடான உதவி. பிப்பெனுக்கு ஏழ்மைக்கு ஈடான உதவி. விளையாட்டுக்கான பணம் பிப்பெனுக்கு முதலில் வரவில்லை, பின்னரே வந்தது.

காலோடு கட்டிய பணம்

இப்போது நம் கணக்குக்குத் திரும்புவோம். விளையாட்டு உதவித்தொகை பெரும்பாலும் ஓராண்டுக்கே எழுதிக் கொடுக்கப்படுகிறது. இரண்டாம் பிரிவு விதிப்படி, அந்த ஆண்டுக்குள் காயம் பட்டதைக் காட்டியோ ஆட்டம் சரியில்லை என்றோ தொகையைக் குறைக்க முடியாது. இது நல்ல பாதுகாப்பு. அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படுமா என்பதை ஜூலை 1-ஆம் தேதிக்குள் தெரிவித்துவிட வேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் முறையிட மாணவனுக்கு உரிமை உண்டு. ஆனால் புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்றுநர் மாறலாம், முழங்கால் முறியலாம்.

இரண்டு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவன் நாம் மேலே கண்டவன். அவன் உதவியில் விளையாட்டுப் பங்கு 7,500. மற்றவன் சிறந்த ஆட்டக்காரன். விளையாட்டுக்காக 15,000 பெறுகிறான். மதிப்பெண் குறைவென்பதால் கல்வி உதவி இல்லை. சேரும் நாளில் இரண்டாமவனே கொடுத்து வைத்தவன் என்று ஊர் சொல்லும். இருவருக்கும் முழங்கால் முறிந்து உதவி புதுப்பிக்கப்படவில்லை என்று கொள்வோம். முதலாமவன் செலவில் கால் பங்கை இழக்கிறான். கல்வி உதவி, பெல் தொகை, வேலை எல்லாம் அவனோடு இருக்கின்றன, எப்படியாவது சமாளித்துவிடலாம். இரண்டாமவன் பாதியை இழக்கிறான். அவன் ஊருக்குப் பேருந்து ஏறுவதைத் தவிர வேறு வழி குறைவு.

காலோடு கட்டிய பணம் காலோடு போகும். தலையோடும் தேவையோடும் கட்டிய பணம் நிற்கும். சிறு கல்லூரிகளின் உதவி முறையைப் படித்ததில் நான் கண்ட முதன்மையான உண்மை இதுதான். மூன்றாம் பிரிவு விதி விளையாட்டை மதிக்காத விதி போலத் தோன்றினாலும், ஆட்டத்தை விட்டுவிட்ட மாணவனின் உதவியும் அதனால் நிற்காமல் காக்கப்படுகிறது.

இன்றைய மாற்றங்கள்

பெரிய பல்கலைக்கழகங்களின் உலகம் இப்போது மாறிவிட்டது. 2025 ஜூன் 6-ஆம் நாள் ஒரு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதற்பிரிவுக் கல்லூரிகள் தம் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர். சிறு கல்லூரிகளுக்கு இது எட்டாக் கனி. வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற 2020-இலேயே என்.ஏ.ஐ.ஏ. வழி திறந்தது; என்.சி.ஏ.ஏ. 2021-இல்தான் இசைந்தது. எனினும் சிற்றூர்க் கல்லூரி வீரனின் முகத்தை விலை கொடுத்து வாங்கும் விளம்பரதாரர் எத்தனை பேர் இருப்பர்?

முடிவுரை

சிறு கல்லூரிகளின் உதவி சிறியதுதான். ஆனால் அது பல கைகள் சேர்ந்து தாங்கும் உதவி. அணியின் பங்கு ஒரு கை. மதிப்பெண் ஒரு கை. அரசின் கொடை ஒரு கை. சொந்த உழைப்பு ஒரு கை. ஒரு கை தளர்ந்தாலும் மற்றவை தாங்கும்படி அமைத்துக்கொள்ளும் மாணவனே கரை சேர்கிறான்.

உதவி அளிக்கும் எந்தக் கல்வி நிலையத்திலும் விளையாட்டு மாணவன் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெளிய வேண்டும். இதில் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டியது? எவ்வளவு அடுத்த ஆண்டும் வரும்? நாளையே நான் ஆட முடியாமற் போனால் எவ்வளவு மிஞ்சும்? இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாதவன் தானே கேட்க வேண்டும். உடன் படிக்கும் நாம் அவனோடு சென்று கேட்க வேண்டும். மைதானத்தில் ஓடும் காலம் நான்கு ஆண்டு. பட்டம் வாழ்நாள் முழுதும் உடன் வரும்.